மலையைக் கண்டோம், மக்களைக் கண்டோமா?

சித்திரை வெயில் காஞ்சியைக் காய்ச்சும் காலம். ஏரி வற்றும், தெருப்புழுதி கொதிக்கும், குழித்தறியிலே காலை இறக்கி அமர்ந்திருப்பவரின் நெற்றியிலே வியர்வை வழிந்த வண்ணம் இருக்கும். அந்த வேளையிலேதான் வசதி படைத்தோர் வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "உதகைக்குப் போய் வருவோமா?"

போகிறார்கள்; வருகிறார்கள். வந்தவரைப் பக்கத்து வீட்டு நெசவாளி ஆவலோடு கேட்கிறார்.

"உதகை எப்படி இருந்தது, அண்ணா?"

"ஆகா! என்ன குளிர், என்ன குளிர்! பூங்காவிலே மலர், ஏரியிலே படகு, மேட்டிலே குதிரை, மலை ஏறும் இரயில்! பார்க்க இரண்டு கண் போதாது!"

"அங்கே மக்கள் எப்படி, அண்ணா?"

"மக்களா? திரும்பிய பக்கமெல்லாம் மக்கள்தான்! எல்லாரும் நம்மைப் போல வந்தவர்கள். கூட்டம் தாங்கவில்லை!"

வந்தவர்களைக் கண்டார், இருப்பவர்களைக் காணவில்லை. மலையைக் கண்டார்; மலைக்கு உரியவரைக் காணவில்லை. அவர்மீது சினம் கொள்வதற்கில்லை. நம் ஊருக்கு வருவோரும் அப்படித்தானே! கயிலாசநாதர் கோயிலின் கல்லிலே பல்லவன் கண்ட கலையைப் பார்க்கிறார்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். பட்டுக் கடையிலே படியேறிச் சேலையைப் புரட்டிப் பார்க்கிறார்கள். அந்தச் சேலையின் உடலையும் கரையையும் கோத்து இணைக்க, தறியின் இருபுறமும் நாடாவை வீசிக் கை சோர்ந்த குடும்பத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? கோபுரம் தெரிகிறது, குடிசை தெரிவதில்லை. பட்டு தெரிகிறது, பாடு தெரிவதில்லை. காணப்படாமல் இருப்பதன் வேதனையைக் காஞ்சி அறியும். ஆகவே, நீலமலையின் வரலாற்றைக் காஞ்சியிலிருந்து பேசுவது பொருத்தமே.

'கண்டுபிடித்த' கதை

1819-ஆம் ஆண்டில், கோயமுத்தூர் ஆட்சித்தலைவர் ஜான் சல்லிவன் நீலமலையைக் கண்டுபிடித்தார் என்று கூறுவர். கேட்பதற்கு இனிய கதை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1818-இல், விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இரு வெள்ளை அதிகாரிகள் மேலே சென்று மீண்டனர். 1812-இலேயே கீஸ் என்னும் நில அளவையாளர் ஏறினார். அதற்கும் முன்பு, 1603-இல், மலையாளக் கரையிலிருந்து ஃபெனீசியோ என்னும் ஏசு சபைப் பாதிரியார் ஏறிச் சென்று, தோடரையும் படகரையும் கண்டு எழுதி வைத்தார். அதற்கும் முன்பு? 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்த போசளர் கல்வெட்டு ஒன்று, விட்டுணுவர்த்தன மன்னனின் தளபதி தோடரை அச்சுறுத்தி, நீலமலையைக் கைக்கொண்டதாகப் பெருமை பேசுகிறது.

கவனியுங்கள், நண்பர்களே! அந்த மக்கள் வரலாற்று ஏட்டிலே முதன் முதலாக இடம் பெறும்போதே, அச்சுறுத்தப்பட்டவர்களாக இடம் பெறுகிறார்கள். கல்வெட்டைப் பொறித்தவன் வென்றவன். தோற்றவனிடம் உளி இல்லை; பாட்டு மட்டுமே இருந்தது.

சல்லிவன் வந்தபோது அந்த மேட்டு நிலம் வெற்றிடமன்று. எருமை மந்தைகளோடு புல்வெளியெங்கும் பரவி வாழ்ந்தவர் தோடர். இரும்படித்து, மண்பாண்டம் வனைந்து, குழலும் பறையும் முழக்கியவர் கோத்தர். பதினாறாம் நூற்றாண்டையொட்டி மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்து, தினையும் சாமையும் விளைவித்தவர் படகர். சரிவுகளில் தேனெடுத்தவர் குறும்பர். அடிவாரக் காடுகளில் இருளர். தோடர் நெய் தருவர். கோத்தர் கத்தியும் சட்டியும் தருவர். படகர் தானியம் தருவர். குறும்பர் காட்டுப் பொருள் தருவர். நாணயம் அதிகம் நடமாடாத நாளிலே நடந்த கொடுக்கல் வாங்கல் அது.

அதற்காக, மலைமேல் மாசே இல்லை என்று பாட வரவில்லை நான். மடமை மலையேறத் தயங்குவதில்லை! தோடரின் பால்மனை தூய்மையானது என்று சொல்லி, அதற்குள் பெண்ணை விடவில்லை. செத்த மாட்டைத் தின்பவர் என்று சொல்லி, கருவி செய்து தந்த கோத்தரையே தாழ்வாகப் பார்த்தனர் மற்றவர். சாவு வீட்டுக்கு அவர் இசை வேண்டும். அருகிலே அமர அவர் ஆகார்! சமவெளியிலே நாம் கண்ட அதே கொடுமையின் சிறு வடிவம்தான்.

அந்த இருளிலும் ஒருவர் விளக்கேற்றினார். சுள்ளி என்னும் கோத்தர் இனத்துப் பள்ளி ஆசிரியர், தம் மக்களிலே முதலில் ஆங்கிலக் கல்வி பெற்றவர். நீண்ட கூந்தலை வெட்டினார். பிறர் வீட்டுச் சடங்குக்குப் பறை முழக்கப் போவதையும், செத்த மாட்டிறைச்சியையும் விட்டொழிப்போம் என்றார். சொந்த ஊராரே எதிர்த்தனர், ஒதுக்கினர். அவர் அசையவில்லை. ஆண்டுகள் சென்றன, எதிர்த்தவர்களின் பிள்ளைகளே அவர் வழியில் நடந்தனர். அமெரிக்க மானிடவியல் அறிஞர் டேவிட் மாண்டல்பாம், 1960-இல் வெளியான கட்டுரையிலே அவரைத் தம் மக்களின் சீர்திருத்தக்காரர் என்று போற்றினார். உதகைக்குப் போகிறவரிடம் சல்லிவன் பெயரைச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. சுள்ளியின் பெயரைச் சொல்ல ஒருவர் உண்டா?

பெயரிலே பொதிந்த உறவு

தோடர் தம் குடியிருப்பை மந்து என்பர். மந்து! அயல் மொழியா இது? நம் மன்று, நம் மன்றம், நம் மந்தை எல்லாம் அதே வேரிலே கிளைத்தவை. தோடர் தம்மை ஓள் என்று சொல்லிக்கொள்வர். நம் ஆள் என்னும் சொல்தான் அது. நம் 'ஆ' பல சொற்களில் அவர் நாவிலே 'ஓ'வாக ஒலிக்கிறது. எருமையை அவர்கள் இர் என்பர். ஆளும் நம் சொல், அவன் மேய்க்கும் எருமையும் நம் சொல், அவன் வாழும் மன்றமும் நம் சொல்!

கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டார். 1875-இல் வந்த இரண்டாம் பதிப்பிலே பன்னிரண்டு மொழிகளைத் திராவிடக் குடும்பத்திலே சேர்த்தார்; அவற்றிலே தோடமும் கோத்தமும் இடம் பெற்றன. ஆறு மொழிகள் பண்பட்டவை, ஆறு மொழிகள் பண்படாதவை என்று பிரித்து, இவ்விரண்டையும் பண்படாதவற்றிலே வைத்தார். எழுத்து இல்லாதது பண்பு இல்லாததாகுமா? 1935 முதல் 1938 வரை இந்தியாவில் ஆய்வு நடத்திய மரே எமனோ என்னும் அறிஞர், மலை மக்களோடு நெருங்கிப் பழகி, அவர் பாடல்களைக் கேட்டு எழுதினார். சொற்றொடர்கள் இணை இணையாக அமைய வேண்டும் என்னும் கட்டுக்கோப்புடைய கவிதை மரபு தோடரிடம் இருப்பதைக் கண்டார். 1971-இல் தோடர் பாடல்களைப் பெருநூலாக வெளியிட்டார். அவரும் பரோவும் 1961-இல் தந்த திராவிட வேர்ச்சொல் அகராதியிலே, தமிழுக்குப் பக்கத்திலேயே தோடமும் கோத்தமும் நிற்கின்றன. ஏட்டிலே பக்கத்தில் நிற்கும் உறவினரை, நாம் நாட்டிலே பக்கத்தில் நிறுத்தினோமா?

பெயரையாவது விட்டு வைத்தோமா? ஒத்தக்கல் மந்து என்று பொருள் கூறப்படும் ஊர், வெள்ளையன் வாயிலே ஊட்டகமண்ட் ஆனது. பிறகு நம்மவர் ஏட்டிலே உதகமண்டலம் ஆனது. மந்து மறைந்தது, மண்டலம் வந்தது! கோத்தர் வாழும் கேரிதான் கோத்தகிரி என்பர். கேரி என்பது கன்னடம். நம் சேரியின் உடன்பிறப்பு. கேரி கரைந்தது, கிரி எழுந்தது! குடியிருப்பைக் குறித்த சொல் போய், குன்றைக் குறித்த சொல் வந்து அமர்ந்துவிட்டது. மக்களை மறந்து மலையை மட்டும் பார்க்கும் நம் பார்வை, ஊர்ப் பெயரிலேயே பதிந்துவிட்டதைப் பார்த்தீர்களா?

விளையாட்டு யாருக்கு?

1822-ஐ ஒட்டி, சல்லிவன் உதகையிலே கல் வீடு கட்டத் தொடங்கினார். கல் பங்களா என்றனர் மக்கள். தோடர் நிலம் ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று வாங்கப்பட்டதாகக் கூறுவர். அவர் ஏரி வெட்டினார். உருளைக்கிழங்கும் ஐரோப்பியக் காய்கறிகளும் பயிரிட்டார். நேர்மையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்த மலை தோடருக்கே உரியது, எடுப்பதானால் ஈடு தர வேண்டும் என்று அரசிடம் வாதாடியவரும் அவரே. வாதாடினார், நிலமும் வாங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் முன்னதை மறந்தனர். பின்னதை மட்டும் பின்பற்றினர்.

அடுத்து வந்தது கேளிக்கை. 1841-இல் வெள்ளையருக்கென மன்றம் அமைந்தது. மந்து இருந்த மலையிலே, மந்தைக்கு உரியவர் நுழைய முடியாத மன்றம்! ஜபல்பூர்ப் படைமுகாமிலே 1875-இல் பிறந்த ஸ்நூக்கர் ஆட்டத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டது இந்த உதகை மன்றத்தில்தான். இங்கிலாந்திலே நரியை நாய் கொண்டு விரட்டுவது பெரிய இடத்து விளையாட்டு. இங்கே அந்த நரி கிடைக்கவில்லை. விட்டார்களா? குள்ளநரியை விரட்டினார்கள்! எருமை மேய்ந்த புல்வெளியிலே குதிரைக் குளம்பு பதிந்தது. 1886-இல் பந்தயத்திடல் வந்தது. 1870 முதல் சென்னை அரசே கோடையிலே இங்கு குடியேறியது. கீழே பஞ்சம் சுட்டெரித்த ஆண்டுகளிலும் மேலே விருந்து நடந்தது. புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு உத்தரம் வேண்டியிருந்தது. சீரங்கப்பட்டணத்திலே திப்புவின் அரண்மனையிலிருந்து மரம் வந்தது. வீழ்ந்தவன் வீட்டு உத்தரம், வென்றவன் கோயிலைத் தாங்கிற்று!

தாவரப் பூங்காவை 1848 முதல் உருவாக்கியவர் மக்ஐவர். அழகிய பூங்கா, மறுப்பாரில்லை. அந்தப் பூங்காவுக்கு மேலே, அதே சரிவிலே, தோடர் மந்து ஒன்று இருக்கிறது. மலர்க்காட்சிக்கு வரும் பெருங்கூட்டம் கண்ணாடிக் கூண்டிலுள்ள செடியை நின்று பார்க்கிறது. சற்று மேலே உள்ள மனிதரைப் பார்க்க வந்தாலும், செடியைப் பார்ப்பது போலவே பார்க்கிறது. படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. கொய்னா மருந்துக்காக 1860-களிலே சின்கோனா மரம் நட்டனர். காய்ச்சலைத் தணிக்கும் நல்ல மருந்துதான். அதற்குக் கைதிகளின் உழைப்பு பயன்பட்டது. நடுவட்டத்துச் சிறையிலே அடைபட்டிருந்தவர்களிலே சீனரும் உண்டு. எங்கோ பிறந்து, எதற்கோ சிறைப்பட்டு, எவனோ ஒருவனின் காய்ச்சலுக்காக இங்கே மண்வெட்டியவர்கள்!

புல்லை அழித்த மரம்

மரம் நடுவது நல்லது என்று நமக்குப் பள்ளியிலே சொல்லித் தந்தார்கள். எங்கும் நல்லதுதானா? நீலமலையின் மேட்டு நிலம் இயல்பிலே பெரும் புல்வெளி. அதன் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. புல் மழையைப் பஞ்சுபோல் வாங்கி வைத்து, சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது. அந்த ஓடைகளே பவானிக்கும் மோயாற்றுக்கும் நீர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து மலையை நீலமாக்கும் குறிஞ்சிக்கு அதுவே வீடு. தமிழ்நாட்டின் விலங்கு என்று நாம் பெருமையோடு கூறும் வரையாட்டுக்கும் அதுவே மேய்ச்சல். தோடரின் எருமைக்கும் அதுவே உயிர்.

வெள்ளையன் கண்ணுக்குப் புல்வெளி பாழ்நிலமாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டான். பழியை அவன் தலையிலே மட்டும் போட்டுத் தப்பிக்க முடியாது. விடுதலைக்குப் பின்னரும் நாமே நட்டோம். தோல் பதனிடவும், செயற்கை இழை ஆலைக்கும் மரம் வேண்டும் என்று பரந்த புல்வெளியிலே நட்டோம். சீகை தானே பரவும் மரம். நட்ட இடத்தோடு நிற்கவில்லை. புல் செத்தது, எருமை குறைந்தது, எருமை குறைய, பால்மனை சாய்ந்தது, பால்மனை சாய, அதைப் பாடிய பாட்டும் தேய்ந்தது. ஒரு மரம் ஒரு மொழியைக் கொல்லுமா என்று கேட்பீர்கள். மேயப் புல் இல்லாத எருமைக்குப் பெயர் எதற்கு? பெயர் தேவைப்படாத எருமைக்குப் பாட்டு எதற்கு?

எஞ்சிய புல்மேடு ஒன்றுக்கு இன்று வழங்கும் பெயர் என்ன தெரியுமா? ஷூட்டிங் மேடு! திரைப்படம் எடுத்த இடமாம். முன்பு துப்பாக்கியோடு வந்து சுட்டார்கள். பிறகு படப்பெட்டியோடு வந்து சுட்டார்கள். மேட்டுக்கு உரியவரின் பெயர் மட்டும் மேட்டுக்கு இல்லை.

ஆல்ப்சிலிருந்து ஒரு பாடம்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் இரயிலைப் பற்றிச் சொல்லாமல் உதகைக் கதை நிறைவு பெறாது. 1899-இல் குன்னூரை எட்டியது. 1908-இல் உதகையை எட்டியது. 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் தொடங்கி, 2203 மீட்டர் வரை ஏறுகிறது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே சரிவு செங்குத்தாகையால், தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்து, இயந்திரத்தின் பற்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. இந்த முறையை வகுத்தவர் ரோமன் ஆப்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர். இயந்திரங்களிலும் பல அந்நாட்டு விண்டர்தூரிலே செய்யப்பட்டு வந்தவை. 2005-இல் இந்த இரயில் பாதையை உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது.

ஆல்ப்ஸ் மலையிலிருந்து இயந்திரத்தைக் கொண்டுவந்தோம்; சரி. அங்கே மலையை நடத்தும் முறையையும் கொண்டுவந்திருக்கலாமே! ஆல்ப் என்னும் சொல்லுக்கே அந்த மக்களிடையே மலை மேய்ச்சல் நிலம் என்று பொருள். சுவிட்சர்லாந்திலே டோர்பெல் என்னும் சிற்றூர்; 1483-லேயே அவ்வூரார் தம் பொது மேய்ச்சலுக்கு ஆவணம் எழுதிக்கொண்டனர். பனிக்காலத்திலே தன் தொழுவத்திலே வைத்துத் தீனி போட முடிந்த அளவு மாட்டைத்தான் ஒருவன் கோடையிலே மேட்டுக்கு அனுப்பலாம் என்று 1517-இல் விதி செய்தனர். புல் பிழைத்தது, ஊர் பிழைத்தது. அங்கேயும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கிலேயர் மலையேறவும் பனிச்சறுக்கவும் கூட்டம் கூட்டமாகச் சென்றனர். ஆனால் அங்கே நிலம் ஊராருக்கு உரியதாக இருந்தது. வந்தவர் விருந்தினராகவே வந்தனர். இங்கே வந்தவர் உடைமையாளர் ஆயினர். இருந்தவர் காட்சிப் பொருள் ஆயினர்.

இன்னொன்றும் கேளுங்கள். இத்தாலியின் வட கோடியிலே, தென் தைரோல் பகுதியில், 56 சதுர கிலோமீட்டர் பரந்த உயர்மேட்டுப் புல்வெளி ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவின் உயர்மலைப் புல்வெளிகளிலே மிகப் பெரியது. முசோலினி ஆட்சியிலே அந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களை எல்லாம் இத்தாலியப் பெயர்களாக மாற்றினர். ஜெர்மன் பள்ளிகளை மூடினர். மக்கள் விடவில்லை. 1972-இல் விரிவான தன்னாட்சிச் சட்டம் பெற்றனர். இன்று அந்தப் புல்வெளிக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. ஜெர்மனில் சைசர் ஆல்ம். இத்தாலியத்தில் ஆல்ப்பே டி சியூசி. மூன்றாவது, சில பத்தாயிரம் பேரே பேசும் லடின் என்னும் மலை மொழியில். அந்தச் சிறு மொழி அங்கே பள்ளியிலும் ஒலிக்கிறது. சுற்றுலா வந்தவர் பகலிலே தம் சொந்த வண்டியை மேலே ஓட்டிச் செல்ல இயலாது. கம்பிவட ஊர்தியிலோ பேருந்திலோ ஏற வேண்டும். பனிச்சறுக்கு உண்டு, நடைப்பயணம் உண்டு, பால் தரும் மாடும் புல்வெளியிலே உண்டு. இயற்கையும் விளையாட்டும் மரபும் ஒரே மேட்டிலே ஒன்றோடொன்று பகையின்றி வாழ்கின்றன. மலை ஒன்றுதான், நடத்துவோரின் மனம்தான் வேறு.

நாம் செய்யத்தக்கது

நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சல்லிவனின் கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரியின் பகுதி. ஆண்டவர் வீட்டிலே இன்று ஆடு மேய்த்தவர் மகள் படிக்கலாம். பந்தயத்திடலை 2024-இல் மாவட்ட நிர்வாகம் தன் கைக்கு எடுத்தது. அதே ஆண்டு மே 7 முதல், உயர்நீதிமன்ற ஆணைப்படி, உதகைக்கு வரும் ஊர்திகள் முன்கூட்டியே மின்னணுச் சீட்டுப் பெற வேண்டும் என்றாயிற்று. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மலை மக்களின் நிலவுரிமையை ஏட்டிலே ஏற்றிருக்கிறது. அந்த ஏடு மந்துகளின் வாசல் வரை வந்து சேர வேண்டும். சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் பணி வளர வேண்டும். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே உள்ள தோடரின் மொழியையும், கோத்தர் மொழியையும், அவர் பிள்ளைகள் பள்ளியிலே கேட்க வேண்டும். ஊர்ப் பலகையிலே, உதகமண்டலத்துக்குப் பக்கத்திலே, அந்த மந்துக்கும் ஓர் இடம் வேண்டும்.

இறுதியாக, என் ஊர்க்காரர்களுக்கு ஒரு சொல். தோடர் நெய்வதில்லை. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி என்னும் வெள்ளைத் துணி சமவெளித் தறியிலிருந்தே மலை ஏறிற்று. அந்தத் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, வரைபடம் ஏதுமின்றி, கருப்பும் சிவப்புமாகப் பூ வேலை செய்வர் தோடர் பெண்கள். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது போலவே, 2013-இல் அவர் பூ வேலைக்கும் கிடைத்தது. நூல் நம்முடையது, பூ அவர்களுடையது. இழை எண்ணுவதன் அருமை, இழை எண்ணிப் பிழைப்போருக்குத்தானே தெரியும்!

ஆகவே, செல்லுங்கள் உதகைக்கு. தொட்டபெட்டாவிலே 2637 மீட்டர் உயரத்தில் நின்று குளிர் காற்றை நுகருங்கள். இரயிலின் பற்சக்கரம் இரும்பைக் கடிக்கும் ஓசையைக் கேளுங்கள். ஆனால் திரும்பி வந்ததும், பக்கத்து வீட்டு நெசவாளி "அங்கே மக்கள் எப்படி, அண்ணா?" என்று கேட்டால், "நம் உறவினர் அவர்கள், மந்திலே வாழ்கிறார்கள், நலமாக இருக்க நாம் இன்னும் செய்ய வேண்டியது உண்டு" என்று சொல்லத்தக்க அளவுக்காவது அவர்களைக் கண்டு வாருங்கள்.